குறைஞ்சது ரெண்டு பெண்கள்: 1200 எங்கயிருந்து வந்திச்சு, 596 எப்பிடி வரும்

கேள்வி கேட்டவர் தம்பியா தங்கச்சியா எண்டு பேரப் பாத்து விளங்கல்ல, அதால பொதுவா நீங்க எண்டே எழுதுறன். நீங்க போட்ட கணக்கு இதுதான். ஒரு சங்கத்தில 7 ஆண்கள், 5 பெண்கள், மொத்தம் 12 பேர். அதில 5 பேர் கொண்ட குழு ஒண்டு தெரிவுசெய்யவேணும், குறைஞ்சது 2 பெண்களாவது இருக்கவேணும், எத்தனை வழி? நீங்க செஞ்சது, முதல்ல நிபந்தனைய முடிச்சிருவம் எண்டு 5 பெண்கள்ல 2 பேர எடுத்து வச்சீங்க, அது 5சி2 (5 பேர்ல 2 பேர வரிசை பாக்காம எடுக்கிற வழிகள்), அதாவது 10. மறுகா மிச்சமா நிக்கிற 10 பேர்ல ஆம்பிளயோ பொம்பிளயோ யாராவது 3 பேர், அது 10சி3, அதாவது 120. பெருக்கினா 1200. விடையில 596 எண்டு இருக்கு. கடைசியா "எப்ப வரிசைமாற்றம் எப்ப சேர்மானம் எண்டே எனக்குப் பிடிபடுதில்ல சேர்" எண்டு முடிச்சிருக்கீங்க. வரிசை பாத்து எண்ணுறது வரிசைமாற்றம், வரிசை பாக்காம எண்ணுறது சேர்மானம். ஆனா நீங்க உண்மையா கேக்கிறது அது இல்ல. சேர்மானம் போடவேண்டிய இடத்தில சேர்மானம்தான் போட்டிருக்கீங்க, பெருக்கவேண்டிய மாதிரித்தான் பெருக்கியிருக்கீங்க, ஒவ்வொரு வரியையும் தனித்தனியா எடுத்தா பிழை சொல்ல ஏலாது. "ஒரு வரியும் பிழையில்லயே, பிறகு ஏன் விடை மட்டும் கூடுது" எண்டதுதான் உங்கட கேள்வி, அதுக்குத்தான் நான் பதில் எழுதுறன்.

நான் மட்டக்களப்பில உயர்தரப் பிள்ளைகளுக்கு இருவது வருசத்துக்கு மேல இணைந்த கணிதம் படிப்பிச்சுக்கொண்டு வாறன். இந்த 1200 எனக்குப் பழைய சிநேகிதம். முதல் முதல் டியூசன் தொடங்கின வருசம், கல்லடியில ஒரு தகரக் கொட்டில், வெயில் ஏறினா உள்ள இருக்கேலாது, இதே மாதிரிக் கணக்க நானே போர்ட்ல இப்பிடித்தான் செஞ்சு கீழ ரெண்டு கோடும் இழுத்திட்டன். ஆரையம்பதிப் பக்கத்தில இருந்து பஸ்ல வாற ஒரு பிள்ளை பின்வாங்கில இருந்து கைய உயத்தி, "சேர், ஒரு நிபந்தனையும் போடாம எடுத்தாலே 792 தானே வருது?" எண்டு கேட்டிச்சு. நான் போர்டப் பாத்தன், பிள்ளையப் பாத்தன், திரும்பப் போர்டப் பாத்தன். அண்டைக்கு டஸ்டர் எடுத்து அழிச்ச கை இப்பவும் ஞாபகம் இருக்கு. அதுக்குப் பிறகு எந்த எண்ணற் கணக்குக்கும் மொத்தம் எவ்வளவு எண்டத முதல்ல ஒரு மூலையில எழுதி வச்சிட்டுத்தான் மற்றது.

நீங்களும் அதையே செஞ்சு பாருங்க. 12 பேர்ல 5 பேர், நிபந்தனை ஒண்டும் இல்ல, 12சி5 = 792. நிபந்தனை போட்டா எண்ணிக்கை குறையலாம், ஆகக் கூடினா அப்பிடியே இருக்கலாம், கூட மட்டும் ஏலாது. கரைக்கு வந்த மீன் மொத்தமே 792 எண்டா அதுக்குள்ள பாரை மட்டும் 1200 எண்டு எந்த வியாபாரியும் சொல்ல மாட்டான். அப்ப 1200 பிழை எண்டதுக்கு விடைத்தாளே தேவையில்ல. ஏன் பிழை எண்டதுதான் கொஞ்சம் நிண்டு பாக்கவேண்டிய விசயம்.

ஆக்களுக்குப் பேர் வைப்பம். உங்கட கணக்கில ஒரு வடிவான பொருத்தம் இருக்கு, கேள்வி எழுதினவர் நினைச்சுத்தான் செஞ்சாரோ தற்செயலோ, தமிழ்ல உயிரெழுத்து 12, அதில குறில் 5, நெடில் 7. அப்ப பெண்கள் அஞ்சு பேரும் அ, இ, உ, எ, ஒ. ஆண்கள் ஏழு பேரும் ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ. இனி கேள்வி என்னெண்டா 12 உயிரெழுத்தில குறைஞ்சது ரெண்டு குறில் வாற மாதிரி அஞ்சு எழுத்து எத்தனை விதமா பொறுக்கலாம் எண்டதுதான். பெயர் வைக்காம எண்ண வெளிக்கிட்டா எண்கள் மட்டும்தான் கண்ணில தெரியும், ஆக்கள் தெரியாது, பிழை நடக்கிறது ஆக்கள்லதான்.

முதல்ல சின்னதா ஒண்டு. அ, இ, உ எண்டு மூண்டு பெண்கள், ஆ எண்டு ஒரே ஒரு ஆண். 3 பேர் கொண்ட குழு, குறைஞ்சது 2 பெண்கள். இத விரல்லயே எண்ணலாம்: அஇஆ, அஉஆ, இஉஆ, அஇஉ. நாலுதான். இப்ப உங்கட வழியில போடுவம், 3சி2 = 3, மிச்சம் 2 பேர்ல ஒராள் 2சி1 = 2, பெருக்கினா 6. நாலுக்குப் பதிலா ஆறு. கூடின ரெண்டும் எங்க இருந்து வந்திச்சு? அஇ எண்டு முதல்ல எடுத்திட்டு பிறகு உ-வச் சேத்தாலும், அஉ எடுத்திட்டு இ-யச் சேத்தாலும், இஉ எடுத்திட்டு அ-வச் சேத்தாலும் கிடைக்கிறது ஒரே அஇஉ. ஒரு குழு மூண்டு வேசம் போட்டுக்கொண்டு மூண்டு தரம் வரிசையில வந்து நிக்குது. ஆனா அஇஆ எண்ட குழு ஒரே ஒரு தரம்தான் வருது, ஏனெண்டா அதில பெண்கள் ரெண்டே பேர், "முதல்ல எடுத்த ரெண்டு பெண்கள்" ஆர் எண்டதில ஒரு குழப்பமும் இல்ல.

விசயம் முழுக்க இவ்வளவுதான். "முதல்ல எடுத்த ரெண்டு பெண்கள்", "பிறகு எடுத்த மூண்டு பேர்" எண்ட பிரிவு உங்கட மனசில இருக்கு, குழுவுக்குள்ள இல்ல. குழு கூடி இருக்கிற மேசைக்குப் போய் இதில முதல்ல எடுபட்ட ரெண்டு பொம்பிளையள் ஆர் எண்டு கேட்டா ஒருத்தருக்கும் பதில் தெரியாது. முடிவக் கையில வச்சுக்கொண்டு எந்தப் படியால வந்தம் எண்டு ஒரே விதமாத் திரும்பிப் போக ஏலுமெண்டா பெருக்கல் சரி. திரும்பிப் போக ரெண்டு மூண்டு பாதை இருந்தா அந்தளவு தரம் கூட எண்ணியிருக்கீங்க எண்டு அர்த்தம். நான் வகுப்பில இத "கிறுகிப் போய்ப் பாரு மனே" எண்டு சொல்லுவன், பிள்ளைகள் இப்ப அதையே பகிடியா எனக்குத் திருப்பிச் சொல்லுதுகள்.

இப்ப உங்கட 1200ஐயே பிரிச்சுக் காட்டுறன், இது ஊகம் இல்ல, சரியாக் கணக்குப் பாக்கலாம். 2 பெண்களும் 3 ஆண்களும் உள்ள குழு 5சி2 × 7சி3 = 10 × 35 = 350, இது ஒவ்வொண்டும் உங்கட வழியில ஒரு தரம் எண்ணப்பட்டிருக்கு. 3 பெண்கள் 2 ஆண்கள் உள்ளது 10 × 21 = 210, இதில மூண்டு பெண்கள்ல ரெண்டு பேர "முதல் ஆக்கள்" எண்டு 3சி2 விதமா சொல்லலாம், அதால ஒவ்வொண்டும் 3 தரம், மொத்தம் 630. 4 பெண்கள் ஒரு ஆண் 5 × 7 = 35, ஒவ்வொண்டும் 4சி2 = 6 தரம், மொத்தம் 210. அஞ்சும் பெண்கள் எண்டா ஒரே ஒரு குழு, அது 5சி2 = 10 தரம். கூட்டிப் பாருங்க, 350 + 630 + 210 + 10 = 1200. ஒண்டும் மிச்சம் விடாம பொருந்துது. தரம் பாக்காம குழுவ மட்டும் கூட்டினா 350 + 210 + 35 + 1 = 596. விடைத்தாள் சரி, நீங்க செஞ்சதும் ஒரு சரியான எண்தான், ஆனா அது வேற ஒரு கேள்விக்கு விடை. அந்த வேற கேள்வி என்னெண்டா, 5 பேர் குழு தெரிஞ்சு, அதில இருக்கிற பெண்கள்ல ரெண்டு பேருக்கு மட்டும் ஒரே மாதிரி பட்டி ஒண்டு குத்தவேணும், எத்தனை வழி எண்டா அதுக்கு 1200தான் விடை.

இந்த இடத்தில பிள்ளைகள் வழக்கமா "அப்ப கூட எண்ணினா பிழை" எண்டு எழுதிக்கொண்டு போகுதுகள். அப்பிடி இல்ல. சேர்மானச் சூத்திரமே கூட எண்ணிட்டுப் பிறகு சரிக்கட்டுற வேலைதான். 12சி5 எப்பிடி வருது? முதல் ஆளுக்கு 12 வழி, அடுத்ததுக்கு 11, 10, 9, 8, பெருக்கினா 95040. இது வரிசையோட சேத்து எண்ணினது. ஒரே அஞ்சு பேர் 5 காரணியம், அதாவது 5 × 4 × 3 × 2 × 1 = 120 விதமா வரிசையில வருவினம். எந்தக் குழுவ எடுத்தாலும் இதே 120தான், ஒண்டு 120 தரம் இன்னொண்டு 60 தரம் எண்டு இல்ல. அதால 95040ஐ 120ஆல பிரிச்சா 792. பிரிக்கலாம், ஏனெண்டா எல்லாரும் ஒரே அளவு தரம் எண்ணப்பட்டிருக்கினம். உங்கட 1200ல சிலது ஒரு தரம், சிலது மூண்டு, சிலது ஆறு, ஒண்டு பத்து. இத எந்த எண்ணால பிரிச்சாலும் நியாயம் வராது. கூட எண்ணுறது பரவாயில்ல, ஒரே அளவாக் கூட எண்ணியிருந்தா பிரிச்சு மீட்டிரலாம், தாறுமாறாக் கூடியிருந்தா மீக்க ஏலாது.

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் கரம் போட். மாரி தொடங்கி மழை விடாம ஊத்தேக்க விறாந்தையில கரம் போட்டு இழுத்துப் போட்டா நாங்க நாலு பேர், நான், மச்சான், மச்சாண்ட தம்பி, பக்கத்து வீட்டு அண்ணன். ரெண்டு ரெண்டு பேரா எத்தனை விதமா சோடி பிரியலாம்? சூத்திரம் தெரிஞ்ச பிள்ளை உடன 4சி2 = 6 எண்டு சொல்லும். விளையாடினவனுக்குத் தெரியும், மூண்டே மூண்டுதான்: நான் மச்சானோட, இல்லாட்டி நான் தம்பியோட, இல்லாட்டி நான் அண்ணனோட. நானும் மச்சானும் எண்டு எடுத்தாலும், தம்பியும் அண்ணனும் எண்டு எடுத்தாலும் ஒரே விளையாட்டு, ஒவ்வொரு பிரிவும் ரெண்டு தரம் எண்ணப்பட்டிருக்கு, எல்லாம் சமமா ரெண்டு தரம், அதால ரெண்டால பிரிச்சு 3. ஆறு பேர மூண்டு சோடியா பிரிக்கிறதெண்டா 6சி2 × 4சி2 × 2சி2 = 15 × 6 × 1 = 90, சோடிகளுக்குள்ள முதல் சோடி ரெண்டாம் சோடி எண்டு இல்லாததால 3 காரணியத்தால, 6ஆல பிரிச்சு 15. ஆனா ஒரு சோடி திருகோணமலைக்கு, ஒரு சோடி அம்பாறைக்கு, ஒரு சோடி பொத்துவிலுக்குப் போகவேணும் எண்டு சொன்னா பிரிக்கக்கூடாது, 90தான் விடை, ஏனெண்டா இப்ப சோடிகளுக்குப் பேர் வந்திட்டு. இந்தப் பிரிக்கிறதா இல்லையா எண்டதில விழாத பிள்ளைய நான் இன்னும் காணல்ல, நானும் எத்தினையோ தரம் விழுந்திருக்கிறன்.

சரி, உங்கட கணக்க எப்பிடிச் செய்றது நல்லம்? மேல பெண்கள் 2, 3, 4, 5 எண்டு வகை பிரிச்சுக் கூட்டினது ஒரு வழி. இது ஏன் பிழைக்காது எண்டா, ஒரு குழுவில பெண்கள் எத்தனை பேர் எண்ட கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கு, அதால ஒரு குழு ரெண்டு வகையில விழ ஏலாது, எல்லாக் குழுவும் ஏதோ ஒரு வகையில விழும். மற்ற வழி கழிக்கிறது. குறைஞ்சது 2 எண்டதுக்கு எதிர் 0 அல்லது 1. பெண்களே இல்லாத குழு 7சி5 = 21. ஒரே ஒரு பெண் உள்ளது 5 × 7சி4 = 5 × 35 = 175. மொத்தத்தில இருந்து கழிச்சா 792 − 21 − 175 = 596. எது நல்லம் எண்டதில நான் தீர்ப்புச் சொல்ல மாட்டன், அது ஆளப் பொறுத்தது. சோதினை மண்டபத்தில கல்குலேட்டர் இல்லாததால எதில பெருக்கல் குறையுதோ அத எடுக்கச் சொல்லுவன், நேரம் இருந்தா ரெண்டையும் செய்யச் சொல்லுவன், ரெண்டு வேற பாதையால போய் ஒரே 596ல சந்திச்சா அதவிட நிம்மதி வேற இல்ல. ஒரே வழியத் திரும்பச் செஞ்சு பாக்கிறதில பெரிய பிரயோசனம் இல்ல, முதல்ல பிழைச்ச மூளை அதே இடத்தில திரும்பவும் பிழைக்கும்.

குறைஞ்சது ஒண்டு எண்டு வந்தா மட்டும் யோசிக்காம கழிங்க. அறுசுவை இருக்குதே, இனிப்பு புளிப்பு உவர்ப்பு கசப்பு உறைப்பு துவர்ப்பு, இதில குறைஞ்சது ஒண்டாவது சேத்து எத்தனை விதமான கலவை செய்யலாம் எண்டு கேட்டா 6 + 15 + 20 + 15 + 6 + 1 எண்டு கூட்டலாம். அல்லது ஒவ்வொரு சுவையும் இருக்கு அல்லது இல்ல, ரெண்டு வழி, ஆறு சுவைக்கு 2ஐ ஆறு தரம் பெருக்க 64, ஒண்டுமே போடாத சட்டி ஒண்டக் கழிச்சா 63. இந்த 63 நான் கண்டுபிடிச்ச உதாரணம் இல்ல, பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதையிலயே ஆறு சுவையால 63 கலவை எண்டு இருக்கு.

வரிசைமாற்றமா சேர்மானமா எண்ட உங்கட கடைசி வரிக்கும் வாறன், அதுவும் சும்மா விடுற விசயம் இல்ல. ஒரு விடைய எழுதுங்க, அதில ரெண்டு பேர இடம் மாத்துங்க. புதுசா ஒரு விடை வந்திட்டெண்டா வரிசை முக்கியம். பழைய விடையேதான் எண்டா சேர்மானம். அ, இ, ஆ, ஈ, ஊ எண்ட குழுவில அ-வையும் ஆ-வையும் இடம் மாத்தினா அதே குழு. ஆனா அ தலைவர், ஆ செயலாளர், ஈ பொருளாளர் எண்டு இருந்தா மாத்தினவுடன வேற நிர்வாகம், சங்கத்தில சண்டையும் வரும். உங்கட 596 குழுவிலயும் ஒவ்வொண்டுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் தெரியவேணும் எண்டு கேட்டா 596 × 5 × 4 × 3 = 35760. ஒரே கணக்கில முதல் பாதி சேர்மானம், ரெண்டாம் பாதி வரிசைமாற்றம். அதால "இது என்ன கணக்கு" எண்டு முழுக் கணக்குக்கும் ஒரு பேர் ஒட்டப் பாக்காதீங்க, ஒவ்வொரு படிக்கும் தனியாக் கேளுங்க. தெரிவு எண்ட சொல் வந்தா சேர்மானம், ஒழுங்கு எண்ட சொல் வந்தா வரிசைமாற்றம் எண்டு சில குறிப்புக் கொப்பிகள்ல இருக்கு, எனக்கு அதில நம்பிக்கை இல்ல, "தலைவரையும் செயலாளரையும் தெரிவுசெய்க" எண்டாலும் தெரிவு எண்ட சொல்தான் வருது.

இன்னொரு படி மேல போய் ஒண்டு. ஊர்ச் சங்கம் எண்டா இது கட்டாயம் வரும்: அ எண்ட அம்மாவும் ஆ எண்ட ஐயாவும் காணித் தகராறில கதைக்கிறதில்ல, ரெண்டு பேரும் ஒரே குழுவில இருக்கக்கூடாது. மற்ற நிபந்தனை அப்பிடியே. நேரா எண்ணினா அ மட்டும், ஆ மட்டும், ரெண்டு பேரும் இல்ல எண்டு மூண்டு வகை, ஒவ்வொண்டுக்குள்ளயும் பெண்கள் எண்ணிக்கை வேற, தலை சுத்தும். ரெண்டு பேரும் சேந்து இருக்கிற கெட்ட குழுக்கள எண்ணிக் கழிங்க. அ, ஆ உள்ள வந்திட்டா இன்னும் 3 பேர் வேணும், மிச்சம் 6 ஆண்கள் 4 பெண்கள், அ ஏற்கனவே ஒரு பெண் எண்டதால இன்னும் ஒரு பெண்ணாவது வந்தாப் போதும். 10சி3 − 6சி3 = 120 − 20 = 100. அப்ப 596 − 100 = 496. இதில பிள்ளைகள் விடுற பிழை 10சி3 = 120 எண்டு முழுசாக் கழிக்கிறது, 596க்குள்ளயே இல்லாத 20 குழுவையும் சேத்துக் கழிச்சிருதுகள், இல்லாத ஆளுக்கு வெட்டுப் போட்ட மாதிரி.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் உறுதி, ஆரும் எண்ணிப் பாக்கலாம். இனி சொல்றது அவ்வளவு உறுதி இல்ல. நீங்க ஏன் அந்த வழிய எடுத்தீங்க எண்டது என்ட ஊகம்தான், அனேகமா "நிபந்தனைய முதல்ல முடி" எண்டு ஆரோ சொல்லித் தந்திருப்பினம். அது பாதி நல்ல அறிவுரை. நாலு இலக்க எண் ஒற்றையா வரவேணும் எண்டா கடைசி இடத்த முதல்ல நிரப்புறது சரி, ஏனெண்டா அங்க இடத்துக்குப் பேர் இருக்கு, கடைசி இடம் எண்டா கடைசி இடம்தான். குழுவுக்குள்ள இடத்துக்குப் பேர் இல்ல. அதே மாதிரி கேள்வியில எழுதின மொழியும் சில நேரம் ரெண்டு அர்த்தம் தரும், சோடிக்குப் பேர் இருக்கா இல்லையா எண்டு கேள்வியே தெளிவாச் சொல்லாட்டி நான் எந்த அர்த்தத்த எடுத்தன் எண்டு ஒரு வரி எழுதிட்டுச் செய்யச் சொல்லுவன். அதோட நான் இவ்வளவு நேரமும் ஆக்களப் பத்தித்தான் கதைச்சன், ஆக்கள் ஒவ்வொருத்தரும் வேற. ஒரே மாதிரி 10 மாம்பழத்த 4 பிள்ளைகளுக்குப் பங்குவைக்கிறது எண்டா மாம்பழத்துக்குப் பேர் இல்ல, அங்க நேரடியா 10சி4 எண்டு போட்டா அர்த்தமே இல்ல. பத்துப் பழத்துக்கு இடையில மூண்டு தடி வச்சுப் பிரிக்கிற மாதிரி நினைச்சு, பழமும் தடியும் சேந்த 13 இடத்தில 3 தடிக்கு இடம் தெரிஞ்சா 13சி3 = 286. அதுக்கு மேல, பாடத்திட்டத்த விட்டு வெளிய போய், பல்கலைக்கழகத்தில எண்ணுறதுக்கு எண்டே படிக்கிற பெரிய கருவிகள் இருக்கு, அதில நான் வகுப்பெடுத்த ஆள் இல்ல, அதப் படிச்ச ஆக்கள் வந்து சொன்னா நானும் இருந்து கேப்பன்.

குறில் நெடில் வச்சு எண்ணினது புதுசு எண்டு நினைச்சிராதீங்க. இந்தப் பக்கத்தில சேர்மானம் வளந்த பழைய வழிகள்ல அதுவும் ஒண்டு. வடமொழி யாப்பு எழுதின பிங்களர், ஒரு அடியில இத்தனை அசை இருந்தா குறிலும் நெடிலும் எத்தனை விதமா வரும், அதில இத்தனை குறில் உள்ளது எத்தனை எண்டு கணக்குப் பாத்தார். அவரிட சூத்திரங்களுக்கு பத்தாம் நூற்றாண்டில உரை எழுதின ஹலாயுதர் அத மேரு மலை மாதிரி அடுக்கி விளக்கினார், மேல ஒண்டு, கீழ 1 1, அதுக்குக் கீழ 1 2 1, பிறகு 1 3 3 1. நாங்க இப்ப பஸ்காலின் முக்கோணி எண்டு படிக்கிறதுதான் அது. பஸ்கால் அத எழுதினது 1654ல, அச்சில வந்தது அவர் செத்துப்போய் 1665ல. மூண்டசைச் சீர் எட்டு விதம், நெடில் இல்லாதது ஒண்டு, ஒரு நெடில் மூண்டு, ரெண்டு நெடில் மூண்டு, மூண்டும் நெடில் ஒண்டு. பாட்டுக்காரர் எண்ணத் தொடங்கினத கணக்குக்காரர் பிறகு எடுத்துக்கொண்டினம், எனக்கு அதில ஒரு சின்னச் சந்தோசம், தமிழ்ப் பாடத்த வெறுக்கிற கணிதப் பிள்ளைகளுக்கு இதச் சொல்லி வாய அடைக்கலாம்.

கடைசியா உங்களுக்கு ஒண்டு விடுறன். அதே 12 பேர், அதே 5 பேர் குழு, இந்த முறை குறைஞ்சது 2 பெண்களும் குறைஞ்சது 2 ஆண்களும் இருக்கவேணும். உங்கட பழைய வழியில போனா 5சி2 × 7சி2, மிச்சம் 8 பேர்ல ஒராள், 10 × 21 × 8 = 1680. மொத்தமே 792 எண்டதால இதுவும் பிழை. ஆனா இத உடன அழிக்காதீங்க. 2 பெண்கள் 3 ஆண்கள் உள்ள ஒரு குழுவ எடுங்க, அது எத்தனை தரம் எண்ணப்பட்டிருக்கு? பெண்கள்ல குழப்பம் இல்ல, ஆண்கள் மூண்டு பேர்ல "பிறகு வந்த ஆள்" ஆராவும் இருக்கலாம், 3 தரம். 3 பெண்கள் 2 ஆண்கள் உள்ளத எடுங்க, இப்ப பெண்கள்ல ஒராள் பிறகு வந்தவ, அதுவும் 3 தரம். இந்த நிபந்தனைக்கு வேற வகைக் குழுவே இல்ல. எல்லாம் சமமா மூண்டு தரம், அதால 1680ஐ 3ஆல பிரிச்சா 560, மேல உள்ள 350 + 210ம் 560தான். உங்கட வழி இங்க தப்பிச்சிட்டு, அங்க தப்பல்ல. இப்ப அதே கணக்க 6 பேர் குழுவா மாத்துங்க, குறைஞ்சது 2 பெண்கள், குறைஞ்சது 2 ஆண்கள், பழைய வழியில 5சி2 × 7சி2 × 8சி2 எண்டு எழுதிட்டு பிரிக்க ஏலுமா ஏலாதா எண்டு பெருக்க முதல் சொல்லுங்க. பாதியில நிண்டா நிண்ட இடத்த இதுக்குக் கீழ போடுங்க, பின்னேரம் வகுப்பு முடிஞ்சு வந்து பாக்கிறன்.